சென்னை வார்டுகளின் கதை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புழுதிவாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்து வாசலில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்தோம். ஒரு பெரியவர் 2011 தேர்தலின் பூத் சிலிப்பை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து எடுத்து வந்தார். "அப்போ போட்ட இடத்துலதானே இப்பவும்?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க வார்டைப் பற்றித்தான் பேச்சு. அதற்குப் பிறகும் அதே சந்தேகங்கள் சங்கக் கூட்டத்திலும் மளிகைக்கடை வாசலிலும் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

வார்டுங்கிறாங்க, டிவிஷன்ங்கிறாங்க, கோட்டம், வட்டம்னும் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

சென்னை மாநகராட்சியைப் பொறுத்தவரை நான்கும் ஒன்றுதான். ஒரு மாமன்ற உறுப்பினரை, அதாவது கவுன்சிலரை, தேர்ந்தெடுக்கும் பரப்புதான் வார்டு. பழைய ஆட்கள் டிவிஷன் என்பார்கள். அதைத்தான் மாநகராட்சி தமிழில் கோட்டம் என்று எழுதியது. கட்சிக்காரர்கள் வட்டம் என்பார்கள், 'வட்டச் செயலாளர்' என்பது அப்படி வந்த பெயர்தான்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை. வீட்டுப் பத்திரத்தில் 'சோழிங்கநல்லூர் வட்டம்' என்று இருந்தால் அது வருவாய்த் துறை சொல்லும் தாலுகா, வார்டு இல்லை. பல வார்டுகள் சேர்ந்தது மண்டலம். 2011-இல் வந்த கணக்கு 200 வார்டு, 15 மண்டலம். 2022 தேர்தல் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

சென்னைல முதன்முதலா வார்டு பிரிச்சது எப்போ?

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதற்கான அதிகாரப் பட்டயத்தை இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் 1687 டிசம்பரில் கொடுத்தார். நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே ஆல்டர்மேன்கள் எனப்பட்ட மூத்த உறுப்பினர்கள் 12 பேர், பர்ஜஸ் எனப்பட்ட நகர உறுப்பினர்கள் 60 பேர். ஆனால் 'இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரைக்கும் நீ பொறுப்பு' என்று எல்லை கட்டி ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அப்போது இல்லை.

அந்த ஏற்பாடு 1867 சட்டத்தில்தான் தொடங்கியது. நகரத்தை 8 டிவிஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 4 பேர் என்று 32 கமிஷனர்களை, அதாவது நகராட்சி உறுப்பினர்களை, வைத்தார்கள். அத்தனை பேரையும் அரசாங்கமே நியமித்தது. எல்லைக்கோடு வந்துவிட்டது, ஓட்டு வரவில்லை. ஓட்டு 1878-இல் வந்தது. அந்த 32 பேரில் பாதிப் பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது.

அப்போ நம்ம தாத்தாவுக்குத் தாத்தா ஓட்டுப் போட்டிருப்பாரா?

சொத்து இருந்து வரி கட்டியிருந்தால் போட்டிருக்கலாம். குடிசையில் இருந்தவருக்கோ, வரி கட்ட வசதி இல்லாதவருக்கோ வழியே இல்லை. 1871 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் தொகை ஏறக்குறைய 4 லட்சம். அதில் வரி கட்டி ஓட்டுரிமை பெற்றவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

கிடைத்த உரிமை படிப்படியாகக் கூடிக்கொண்டே போனது என்று நினைத்துவிட வேண்டாம். 1884 சட்டத்தில் 32 பேரில் 24 பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்தார்கள். 1904-இல் உறுப்பினர்களை 36 ஆக்கினார்கள், ஆனால் வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் இடங்களை 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். மீதியில் சில இடங்கள் ஐரோப்பிய வணிகர்களின் சங்கங்களுக்குப் போயின, சிலவற்றை அரசே நியமித்தது. வயது வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று ஓட்டுப் போடும் முறை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது.

உத்திரமேரூர்லயே சோழர் காலத்துல வார்டு இருந்துச்சாமே?

இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊரை 30 குடும்பாகப் பிரித்துக் குடவோலை எடுத்ததைச் சொல்கின்றன. வார்டுக்குக் 'குடும்பு' என்று எவ்வளவு அழகான சொல்! ஓலையில் பெயர் எழுதக்கூட 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். மேலே சொன்ன 1878 சட்டத்துக்கும் இதற்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் வருடம். நிலமும் வீடும் உள்ளவனுக்குத்தான் பேச்சு என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. ஆனால் உத்திரமேரூர் முறையிலிருந்து சென்னை வார்டு வந்தது என்று சொல்வதற்கில்லை. சென்னையின் முறை லண்டனிலிருந்து வந்தது.

1959ல தி.மு.க. கார்ப்பரேஷனைப் பிடிச்சதுனு சொல்றாங்களே, அப்போ எத்தனை வார்டு?

100. அதில் 45 இடங்களில் தி.மு.க. வென்றது. ஏ.பி. அரசு மேயரானார், அக்கட்சியின் முதல் சென்னை மேயர் அவர்தான். அப்போது மேயர் பதவி ஒரு வருடத்துக்குத்தான், கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். தாரா செரியன் 1956-இல் சென்னையின் முதல் பெண் மேயரானதும் அதற்கு முன்பே 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை பட்டியல் சாதியிலிருந்து முதல் மேயரானதும் இதே முறையில்தான்.

நகரம் அதற்குள் பெருத்துவிட்டது. சைதாப்பேட்டை ஒரு காலத்தில் தனி நகராட்சி, 1946-இல் சென்னையோடு சேர்ந்தது. அக்கம்பக்கத்தை இப்படிச் சேர்க்கும்போதெல்லாம் வார்டும் கூடும். 1996 தேர்தலில் எண்ணிக்கை 155.

எங்க அப்பா சென்னைல 20 வருஷம் இருந்தும் கவுன்சிலரையே பார்த்ததில்லைங்கிறார். அது எப்படி?

உங்கள் அப்பா சொல்வது நிஜம். மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் வெடித்ததையடுத்து 1973-இல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எடுத்ததாக எழுந்த புகார் அது. ஊழலை விசாரித்தது சரி. ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். 23 வருடம் சென்னைக்குக் கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது. அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. 1970-களின் இறுதியில் கொளத்தூர், கோயம்பேடு, விருகம்பாக்கம், சாலிகிராமம், திருவான்மியூர் போன்ற ஊர்களைச் சென்னையோடு இணைத்தார்கள். அதுவரை அங்கே பஞ்சாயத்து இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்கலாம். இணைந்த அன்றைக்குப் பஞ்சாயத்து போனது. பதிலுக்குக் கிடைக்க வேண்டிய கவுன்சிலர் 1996 வரை வரவில்லை. இணைப்பு என்றால் என்னவென்று கேட்கும் எவருக்கும் முதலில் இந்த ஊர்களின் கதையைத்தான் நான் சொல்வேன்.

1996-இல் தேர்தல் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. மன்றத்தின் ஆயுள் 5 வருடம், அதைக் கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல், தேர்தலை நடத்தத் தனி ஆணையம் என்று அது கட்டாயமாக்கியது.

155 வார்டு இருந்த பழைய சென்னைக்கு இப்போ 107தான்னு சொல்றாங்க. 48 வார்டு எங்க போச்சு?

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூர், அம்பத்தூர், ஆலந்தூர், எங்கள் உள்ளகரம்-புழுதிவாக்கம் உட்பட 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என மொத்தம் 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. மொத்த வார்டு 200 என்று வைத்துக்கொண்டு, பழைய நகரத்துக்கு 107, புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு 93 என்று பங்கிட்டார்கள். 93 இடம் கொடுத்தும் மொத்தம் 200-ஐத் தாண்டக் கூடாது என்றால், பழைய 155 சுருங்கத்தானே வேண்டும்? அதனால் பழைய வார்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி எல்லையைப் பெரிதாக்கினார்கள்.

2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய நகரத்தின் மக்கள் தொகை 46.46 லட்சம். 107-ஆல் வகுத்தால் ஒரு வார்டுக்கு சராசரி 43,000-க்கு மேல். விரிந்த சென்னையின் மொத்தம் ஏறக்குறைய 66.7 லட்சம். அதில் புதிய பகுதியின் 20 லட்சத்துச் சொச்சத்தை 93-ஆல் வகுத்தால் 22,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ராயபுரத்துக்காரரின் ஓட்டு எங்கள் பக்கத்து ஓட்டில் பாதி கனம்தான். எங்களுக்கு அது சாதகம் என்றாலும் இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ராயபுரத்துச் சந்தில் ஒரு கட்டடத்தில் பத்துக் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குத்தான் கவுன்சிலர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்போ சேர்ந்ததுல நமக்கு லாபம்தானே?

அப்படியும் சொல்லிவிட முடியாது. நகராட்சியாக இருந்தபோது ஒரு கவுன்சிலருக்குச் சில தெருக்கள்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரத்தில் இருப்பார். தலைவரும் அந்த ஊர்க்காரர். ஆலந்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டாரும் 5,000 ரூபாய் முன்பணம் கட்டி பாதாளச் சாக்கடைத் திட்டத்தையே கொண்டுவந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்த வேலை அது. அப்படி ஊர் கூடி ஒரு திட்டத்தைத் தாங்களே தீர்மானிக்கும் மன்றம் இப்போது அங்கே இல்லை. 200 பேர் உட்காரும் மாமன்றத்தில் ஆலந்தூர் மண்டலத்துக்கு 12 பேர்.

வீடு மாறலை, தெரு மாறலை. வார்டு நம்பர் மட்டும் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

பழைய நகரத்துக்காரர் என்றால் காரணம் மேலே சொன்ன 2011 பங்கீடு. 155 வார்டு வரிசை அழிந்து, எண்ணூர்ப் பக்கம் 1-இல் தொடங்கி தெற்கே சோழிங்கநல்லூர் மண்டலத்தில் 200-இல் முடியும் புது வரிசை வந்தது. பழைய நகரத்து வார்டுகள் இதில் 34 முதல் 78 வரை, 94 முதல் 142 வரை, 170 முதல் 182 வரை என்று மூன்று துண்டாக இருக்கின்றன.

அதற்குப் பிறகும் 2011 மக்கள் தொகையை வைத்து வார்டு எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள், 2018 டிசம்பரில் அது இறுதியானது. 200 என்ற கணக்கு அப்படியே இருந்தது, கோடுகள் நகர்ந்தன. ஓரத்துத் தெருக்காரர்கள் சிலர் 2011-இல் ஒரு வார்டிலும் 2022-இல் பக்கத்து வார்டிலும் ஓட்டுப் போட்டது அதனால்தான். பிளாஸ்டிக் உறையோடு வந்த பெரியவருக்கும் பழைய சிலிப்பை நம்ப வேண்டாம், புதுப் பட்டியலில் பார்த்துவிடலாம் என்றுதான் சொன்னோம்.

பெருங்குடி மண்டலத்துல 168, 169க்கு அப்புறம் நேரா 183 வருதே. நடுவுல இருக்கிற வார்டெல்லாம்?

அவை அடையாறு மண்டலத்தில் இருக்கின்றன, 170 முதல் 182 வரை. உள்ளகரம்-புழுதிவாக்கம் பகுதியின் 168, 169 இரண்டும் ஆலந்தூர் மண்டலத்தின் 167-க்கு அடுத்த எண்ணைப் பெற்றன, ஆனால் நிர்வாகத்துக்குப் பெருங்குடி மண்டலத்தோடு சேர்ந்தன. மண்டலம் என்பது அலுவலக வசதிக்கான தொகுப்பு. கவுன்சிலரைத் தீர்மானிப்பது வார்டு எல்லை மட்டுமே.

கார்ப்பரேஷன் சென்னை, ஆனா என் பத்திரத்துல காஞ்சிபுரம் மாவட்டம்னு இருக்கு. தப்பா எழுதிட்டாங்களா?

தப்பில்லை. 2011-இல் விரிந்தது மாநகராட்சி மட்டும்தான், மாவட்டம் விரியவில்லை. ஆலந்தூரும் சோழிங்கநல்லூரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அம்பத்தூரும் மாதவரமும் திருவொற்றியூரும் திருவள்ளூர் மாவட்டத்திலும் நீடித்தன. குப்பைக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை, பட்டாவுக்கு வேறு மாவட்ட ஆட்சியர் என்று 6 வருடத்துக்கு மேல் அலைந்தோம். 2018 ஜனவரியில்தான் சென்னை மாவட்டத்தையும் 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய பத்திரத்தில் பழைய மாவட்டப் பெயர் இருப்பது இயல்பு.

2016ல தேர்தல்னு சுவரெல்லாம் எழுதினாங்க. அப்புறம் 2022 வரைக்கும் ஏன் நடக்கலை?

2016 அக்டோபரில் நடக்கவிருந்தது. இடஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை என்று தொடர்ந்த வழக்கில், அக்டோபர் 4-இல் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பாணையை ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றத்தின் ஆயுளும் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்றார். அதன் பிறகு வழக்குகள், வார்டு வரையறை என்று தள்ளிக்கொண்டே போய் 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது.

23 வருடத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் எந்த 5 வருடம் என்று பாருங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடம் குடமாகத் தண்ணீருக்கு நின்றோம், 2020-இல் கொரோனா வந்து தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த நாட்களில் 'எங்க வார்டு கவுன்சிலர்' என்று கூப்பிட ஆள் இல்லை. அத்தனை நாள் காத்திருந்தும் 2022-இல் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43.59 சதவீதம்தான். எங்கள் மேசைக்கு வந்து பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு, அப்புறம் பூத் பக்கமே போகாதவர்களை எனக்கே தெரியும். மனசு கஷ்டப்பட்டது.

நான் மேயருக்குத் தனியா ஓட்டுப் போட்டிருக்கேன். 2022ல ஏன் அந்த ஓட்டு இல்லை?

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது மூன்று முறை: 1996, 2001, 2011. முதல் இரண்டிலும் மு.க. ஸ்டாலின் வென்றார், மூன்றாவதில் சைதை துரைசாமி. 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தை அப்படியும் இப்படியுமாக மாற்றி மாற்றித் திருத்தியதால் வந்த குழப்பம் இது. 2022-இல் 74-ஆவது வார்டில் வென்ற ஆர். பிரியா மார்ச் 4-இல் மேயரானார். அதனால் இப்போதைய முறையில் உங்கள் வார்டு ஓட்டிலேயே மேயர் ஓட்டும் அடங்கியிருக்கிறது.

எங்க வார்டை திடீர்னு பெண்கள் வார்டுனு அறிவிச்சிட்டாங்க. யார் முடிவு பண்றது?

பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது, 2016 சட்டத்தில் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. பட்டியல் சாதியினருக்கு மக்கள் தொகை விகிதப்படி இடம் உண்டு. 2022-இல் சென்னையின் 200-இல் பட்டியல் சாதிப் பொது 16, பட்டியல் சாதிப் பெண்கள் 16, பெண்கள் பொது 84. மீதி 84 யாருக்கும் பொது. முதலில் மண்டலம் மண்டலமாகக் கணக்கிட்டதில் பெண்களுக்கு மொத்தம் 105 வந்துவிட்டது. வழக்குப் போன பிறகு 100 ஆக்கினார்கள்.

'பெண்கள் வார்டுனா புருஷன்தான் கவுன்சிலர்' என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. குழாயடியில் நின்ற அனுபவம் யாருக்கு அதிகம்? கூட்டத்தில் அந்த அம்மாவையே பேசச் சொல்லிக் கேளுங்கள். நாம் கேட்டால்தான் அவர்கள் பேச இடம் கிடைக்கும்.

நான் எந்த வார்டுனு சட்டுனு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சொத்துவரி ரசீதை எடுங்கள். அதிலுள்ள எண் நான்கு பகுதியாக இருக்கும். முதல் பகுதி மண்டலம், இரண்டாவது வார்டு, அடுத்தது பில் எண், கடைசி துணை எண். தெருப் பெயர்ப் பலகையிலும் மண்டலமும் வார்டும் இருக்கும், ஆனால் பழைய பலகை என்றால் பழைய எண் இருக்கலாம். எங்கள் பக்கத்துத் தெரு முனையில் ஒரு பலகையில் பெயின்ட் உரிந்து, புது எண்ணுக்கு அடியிலிருந்து பழைய எண் எட்டிப் பார்க்கிறது. ஓட்டு விஷயத்தில் மட்டும் ரசீதையும் நம்பாமல், அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்.

பகுதி சபைங்கிறாங்களே, அது வார்டுக்குள்ள இன்னொரு வார்டா?

ஏறக்குறைய அப்படித்தான். 2022-இல் வந்த விதிகளின்படி, 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டை 10 பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசலாம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இது தொடங்கியது. கிராம சபை போன்றதுதான். 43,000 பேருக்கு ஒருவர் என்ற தூரத்தைக் குறைக்க இப்போதைக்குக் கையில் இருக்கும் நல்ல வழி இது. தேதி தெரிந்தால் போய்விடுங்கள்.

மறுபடியும் எல்லையை மாத்தினா நாம ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும். வார்டு எல்லையை இறுதியாக்குமுன் வரைவு ஒன்றை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். கடந்த முறை அந்த வரைவு 2017 டிசம்பரில் வந்தது. அவகாசம் சில நாட்கள்தான் கிடைக்கும், அதனால் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் நாலு பேர் இரண்டு மாலை நடந்து, எங்கள் வார்டின் நான்கு பக்க எல்லைத் தெருக்களையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். எந்தத் தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டிலும் வருகிறது, கடைசி வீட்டின் கதவு எண் என்ன, ரேஷன் கடையும் பள்ளியும் எந்தப் பக்கம், மழைநீர் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 'எங்க தெருவைப் பிரிக்காதீங்க' என்று பொதுவாக எழுதினால் நிற்காது. தெருப் பெயர், கதவு எண், வீடுகளின் எண்ணிக்கை, காரணம் நான்கும் இருக்க வேண்டும். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.